தோற்றம் 1996, மறைவு 2011

நம் ஊர் நாளிதழ்களின் நினைவஞ்சலி விளம்பரங்களில் படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள் இருக்கும்: தோற்றம், மறைவு. இணையத்தில் காசு கேட்காமல் முழுதாகப் படிக்கக் கொடுத்த பெரிய நாளிதழுக்கு அப்படியொரு விளம்பரம் தர வேண்டுமென்றால், தோற்றம் 1996 ஜனவரி 22 என்றும் மறைவு 2011 மார்ச் 28 என்றும் எழுதித் தருவேன். முதல் தேதியில் நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் அன்றாடம் வெளிவரத் தொடங்கியது. இரண்டாவது தேதியில் அதே பத்திரிகை, மாதம் 20 கட்டுரைகளுக்கு மேல் படிப்பவர்கள் சந்தா கட்டியாக வேண்டும் என்ற விதியை உலகம் முழுவதற்கும் கொண்டுவந்தது. இடைப்பட்ட பதினைந்து வருடம் ஒரு வாழ்நாள். அது முடிந்தபோது வணிகப் பக்கங்களில் கணக்குப் பேசினார்கள். துக்கம் கேட்க யாரும் வரவில்லை.

தேதிகளில் தகராறு செய்ய இடமுண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மெர்குரி நியூஸ் 1993-லேயே அமெரிக்கா ஆன்லைன் சேவை வழியாகச் செய்தி கொடுத்தது. சென்னையிலிருந்து தி இந்து 1995-லேயே இணையத்துக்கு வந்துவிட்டது; இந்திய நாளிதழ்களில் அதுதான் முதல். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தளம் தொடங்கிய சில மாதங்களிலேயே சந்தா கேட்டு, அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. லண்டனின் கார்டியன் தன் இணையதளத்தை இன்னும் பூட்டவில்லை. இருந்தாலும் நியூயார்க்கின் தேதிகளையே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பத்திரிகை திறந்து கிடந்தவரை மற்றவர்களில் பெரும்பாலோர் பூட்டத் தயங்கினார்கள். அது பூட்டிய பிறகு ஒவ்வொருவராகத் துணிந்தார்கள். தி இந்துவும் பின்னாளில் அந்த வழிக்குத்தான் வந்தது.

நியூயார்க்கில் செத்ததற்குத் தமிழில் எதற்கு இரங்கல் என்று கேட்கலாம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்குப் பதில் தெரியும். அதற்கு முன்பு வெளிநாட்டு நாளிதழைக் கையில் எடுத்துப் பார்ப்பதென்றால் சென்னைக்குப் போக வேண்டும். அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்திலோ பிரிட்டிஷ் கவுன்சிலிலோ உறுப்பினராக இருக்க வேண்டும். அப்போதும் கைக்கு வருவது நாள்பட்ட இதழ். திடீரென்று, ஒரு மணி நேரத்துக்கான காசைக் கொடுத்தவர் எவரானாலும், மன்ஹாட்டனில் ஒருவர் படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தை அதே நேரத்தில் படிக்கலாம் என்றானது. அந்தப் பக்கம் காசு கேட்கவில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தவர்கள் அதில் படித்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொள்ள நினைத்தவர்கள் அதில் கற்றார்கள். நம் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட உதவி ஆசிரியர்களுக்கு, செய்தி நிறுவனம் அனுப்பிய நாலு பத்திக்கு அப்பால் போய்ப் பின்னணியைத் தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது. தமிழில் அச்சான எத்தனையோ நல்ல கட்டுரைகளுக்குப் பின்னால் அந்தத் திறந்த பக்கங்கள் இருந்தன. அது கேட்டு வாங்கிய உதவியல்ல. அதனால் எவரும் நன்றி சொன்னதில்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. நியூஜெர்சியிலும் டொராண்டோவிலும் இருந்த தமிழருக்கு, சென்னையில் விடியும்போது அங்கே முந்தைய நாளின் மாலை. வேலை முடிந்து வீடு திரும்பி, திருவல்லிக்கேணி வாசலில் பேப்பர் விழும் வேளையிலேயே அன்றைய தி இந்துவை அவர் படித்துவிடலாம். இலங்கைப் போரின் கடைசி வருடங்களில் புலம்பெயர்ந்தவர்கள் இரவெல்லாம் தளம் தளமாகப் போய்ச் செய்தி தேடியதை அறியாதவர்கள் நம்மிடையே குறைவு. உறவினர் எந்தக் கிராமத்தில் அகப்பட்டிருக்கிறார் என்று தெரியாத ஒருவரிடம், இந்த மாதத்துக்கான இலவசக் கட்டுரைகள் தீர்ந்துவிட்டன என்று ஒரு பெட்டி எழுந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு அப்படி எதுவும் எழுந்து நிற்கவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: தமிழ் நாளிதழ்களின் தளங்கள் அப்போது ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. அதை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். யூனிகோடு பரவும்வரை அதுவே ஒரு தடையாக இருந்தது. ஆனால் அது தாண்டக்கூடிய தடை. பொறுமை இருந்தால் போதும், கடன் அட்டை வேண்டியதில்லை.

இந்தத் தாராளத்துக்கு யார் பணம் கட்டினார்கள்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1833 செப்டம்பர் 3-ஆம் தேதி நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் சன் என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்ற பத்திரிகைகள் ஆறு சென்ட் விற்ற காலத்தில் விலை ஒரு சென்ட். அந்த விலையை மட்டும் நம்பிப் பத்திரிகை நடத்த முடியாது. வாசகர் கூட்டத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டத்தைக் காட்டி விளம்பரம் வாங்குவது அவருடைய வழி. அன்றிலிருந்து உலகம் முழுவதும் நாளிதழ் நடந்தது அந்த ஏற்பாட்டில்தான். இந்தியாவில் அது இன்னும் கூடுதலாகவே நடக்கிறது. நாம் கொடுக்கும் விலையில் பத்திரிகை தயாரிக்க முடியாது. படித்து முடித்ததைக் கட்டி வைத்துப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டால் கொடுத்ததில் ஒரு பகுதி திரும்பியும் வந்துவிடும். செய்தி என்பது ஏறத்தாழ சும்மா கிடைப்பது என்ற எண்ணம் இணையம் வருவதற்கு வெகு முன்பே நம் வீட்டு வாசலில் வேரூன்றிவிட்டது.

பணம் கட்டியவர்கள் வேறு ஆட்கள். வீடு வாடகைக்கு விடுபவர், பழைய கார் விற்பவர், கணக்கர் தேவை என்று கடை வைத்திருப்பவர், மகளுக்கு வரன் தேடுகிற தகப்பனார், இறந்துபோன அப்பாவின் படத்தைப் போட்டு நினைவு நாள் அனுசரிக்கிற பிள்ளைகள். வரி விளம்பரம் என்று தொழிலில் சொல்வார்கள். வரிக்கு இவ்வளவு என்று கணக்கு. அமெரிக்க நாளிதழ்கள் 2000-ஆம் ஆண்டில் வரி விளம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 1,960 கோடி டாலர் சம்பாதித்தன. அந்த நாலு வரி விளம்பரங்கள்தான் பாக்தாதில் செய்தியாளரை உட்கார வைத்தன, நகராட்சிக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பின, ஒரு ஊழல் வழக்கின் கோப்புகளை ஆறு மாதம் புரட்ட ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தன. வாடகைக்கு வீடு தேடியவருக்கும் பாக்தாதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே தாளில் அச்சானதால் ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போட்டது.

இணையத்துக்கு வந்த நாளிதழ் சும்மா கிடைத்தது இதனால்தான். அச்சுத்தாள் சம்பாதித்ததில் அது வளர்ந்தது. கூட்டம் சேரட்டும், விளம்பரம் தானாகப் பின்னால் வரும் என்பது பழைய அனுபவம் சொன்ன பாடம். பத்திரிகை முதலாளிகளை அதற்காக முட்டாள்கள் என்று பிற்பாடு பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூற்றறுபது வருடம் பலித்த ஒரு வழி அடுத்த பத்து வருடத்தில் பலிக்காது என்று 1996-இல் அறிந்திருக்க யாருக்கும் காரணமில்லை.

இடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. 1995-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிரேக் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் ஊர் நிகழ்ச்சிகளைச் சொல்லத் தொடங்கிய பட்டியல், கிரேக்ஸ்லிஸ்ட் என்று வளர்ந்து, வீடு, வேலை, பழைய சாமான் விளம்பரங்களைப் பெரும்பாலும் காசில்லாமல் போட்டது. வேலை விளம்பரங்களுக்கு வேறு தளங்கள் வந்தன. மிச்சமிருந்த விளம்பரப் பணத்தைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. அமெரிக்க நாளிதழ்களின் மொத்த விளம்பர வருமானம் 2005-இல் ஏறத்தாழ 4,900 கோடி டாலர். 2020-இல் அது 1,000 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது. அந்த வருடம்தான் அங்கே விளம்பரக்காரர்கள் கொடுத்ததைவிட வாசகர்கள் கொடுத்தது முதல் முறையாக மிகுந்தது.

2009 ஒரு கொடிய வருடம். டென்வர் நகரின் ராக்கி மவுண்டன் நியூஸ் பிப்ரவரி 27-ஆம் தேதி கடைசி இதழை அச்சிட்டது. அதன் 150-ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் 55 நாள் இருந்தது. அடுத்த மாதம் சியாட்டில் போஸ்ட்-இன்டெலிஜென்சர் அச்சை நிறுத்தியது. நியூயார்க் டைம்ஸே மெக்சிகோவின் கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிமிடம் 25 கோடி டாலரை ஏறத்தாழ 14 சதவீத வட்டிக்கு வாங்கியது. குடிபுகுந்து இரண்டு வருடமே ஆகியிருந்த தலைமையகக் கட்டடத்தில் தன் தளங்களை விற்றுவிட்டு அதே தளங்களில் வாடகைக்கு இருந்தது. வீட்டை விற்று வாடகைக்கு இருக்கிற நிலைக்கு வந்தவர் இன்னும் எத்தனை நாளைக்கு வாசலில் அன்னதானம் போட முடியும்?

அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்து தோற்றிருந்தது. 2005 செப்டம்பரில் டைம்ஸ் தன் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர்களை மட்டும் தனியே பிரித்து, டைம்ஸ்செலக்ட் என்ற பெயரில் வருடத்துக்கு 49.95 டாலர் கேட்டது. இரண்டு வருடத்தில் 2,27,000 பேர் காசு கட்டிச் சேர்ந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர் வந்தது. ஆனால் பத்தி எழுதியவர்களுக்கே அது பிடிக்கவில்லை. தாமஸ் ஃபிரீட்மன் அதை வெளிப்படையாகவே சொன்னார். இந்தியா போன்ற நாடுகளிலிருந்து தன்னைப் படித்துவந்த பெருங்கூட்டம் ஒரேயடியாக அறுந்துபோனது என்பது அவருடைய வருத்தம். எழுதியவர் தன்னைப் படித்த முகம் தெரியாத அந்நியரை இழந்து வருந்தியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அந்நியர்களில் நம்மவர்களும் இருந்தோம். 2007 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டபோது 1987-க்குப் பிந்தைய இதழ்களையும் 1851 முதல் 1922 வரையிலான பழைய இதழ்களையும் சேர்த்தே திறந்துவிட்டார்கள். மறைந்ததன் வாழ்வில் அதுவே உச்சம் என்பேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நாள்களில் அச்சான செய்தியை மதுரையில் ஒரு வரலாற்று மாணவர் உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கலாம் என்று இருந்தது.

ஆனால் அந்தக் கடைசி வருடங்களில் நோயும் முற்றியிருந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். இந்த இடத்தில் அப்படி விட முடியாது. காசு கேட்காத நாளிதழ்களுக்கு ஒரே வருமானம் பக்கம் பார்க்கப்பட்ட எண்ணிக்கை. எனவே ஒரே கட்டுரையை ஆறு பக்கமாக வெட்டிப் போட்டார்கள். படவரிசை என்று இருபது சொடுக்குகளை வாங்கினார்கள். விஷயத்தை மறைத்து வைத்துத் தலைப்பு எழுதுகிற பழக்கம் வந்தது. இன்றைக்கும் சந்தா கேட்காத பல தமிழ்த் தளங்களைத் திறந்து பாருங்கள். நடிகர் யார் என்று தலைப்பில் இருக்காது. ஊர் எது என்று ஐந்தாவது பத்தியில் தெரியும். நடுவே மூன்று விளம்பரங்கள் எழுத்தை மூடும். இந்தச் செய்தியை எழுதிய இளைஞருக்கு ஒரு நாளில் இத்தனை செய்தி, இத்தனை பார்வை என்று கணக்கு உண்டு. வெளியே போய் ஒரு மனிதரிடம் பேசிவிட்டு வர அவருக்கு நேரம் தருவாரில்லை.

ஆகவே செய்திக்கு இணையத்தில் காசு கேட்கலாமா என்றால், கேட்கத்தான் வேண்டும் என்பேன். செய்தி சேகரிப்பதற்கான செலவை யாராவது ஒருவர் ஏற்றாக வேண்டும். விளம்பரக்காரர் ஏற்கலாம், அரசு ஏற்கலாம், பத்திரிகை முதலாளியின் வேறு தொழில்கள் ஏற்கலாம், வாசகர் ஏற்கலாம். இந்தியாவில் அரசு விளம்பரம் எத்தனை பத்திரிகைகளின் அடுப்பை எரியவைக்கிறது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த அடுப்பை அணைக்கிற அதிகாரமும் அதே கையில் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு மூன்று பெரிய பத்திரிகைக் குழுமங்களுக்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தி இந்துவும் அதில் ஒன்று. இந்த நால்வரில் பத்திரிகை யாருக்குக் கடன்பட்டிருப்பது நல்லது? என் மனதில் இதற்கு இரண்டாவது பதில் இல்லை. வாசகருக்குத்தான்.

காசு கேட்டு ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். டைம்ஸ் முதலில் 20 கட்டுரை என்றது, 2012-இல் 10 என்றது, 2017-இல் 5 என்றது. 2023 முடிவில் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். கேட்டுத் தோற்றவர்களும் இருக்கிறார்கள். லாங் ஐலண்டின் நியூஸ்டே 2009 அக்டோபரில் தளத்தைப் பூட்டி வாரம் 5 டாலர் கேட்டது. அச்சிதழ்ச் சந்தாதாரர்களுக்கும் தன் உரிமையாளரின் கேபிள் இணைய வாடிக்கையாளர்களுக்கும் தனிக் கட்டணம் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், புதிதாகக் காசு கட்டிச் சேர்ந்தவர்கள் 35 பேர். லண்டனில் பத்திரிகை அதிபர் மர்டாக்கின் டைம்ஸ் 2010 ஜூலையில் போட்ட பூட்டு நிலைத்தது. அதே வீட்டின் சன் பத்திரிகை 2013-இல் போட்ட பூட்டை 2015 நவம்பர் முடிவில் கழற்றிவிட்டது. வேறு இடத்தில் கிடைக்காத எழுத்துக்குக் காசு வரும், எங்கும் கிடைக்கும் பரபரப்புக்கு வராது என்று இதைப் படிக்கலாம். கார்டியனின் வழி தனி. 1936-இல் அமைந்த ஸ்காட் அறக்கட்டளையின் பின்பலத்தோடு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டுரையின் அடியில் முடிந்தவர்கள் கொடுங்கள் என்று கேட்டது. கொடுத்தார்கள். இதுதான் எனக்கு மிகப் பிடித்த வழி. ஆனால் அறக்கட்டளை எல்லாப் பத்திரிகைக்கும் வாய்ப்பதில்லை.

ஸ்லோவாக்கியாவில் 2011-இல் ஒன்று செய்து பார்த்தார்கள். நாட்டின் ஒன்பது பதிப்பகங்கள் கூடி, மாதம் 2.90 யூரோவுக்கு எல்லோருடைய தளத்துக்கும் ஒரே சந்தா என்று வைத்தன. ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாட்டில் அந்தக் கூட்டு சாத்தியமாயிற்று. பெரிய நாடுகளில் பெரிய பத்திரிகைகள் தத்தம் கடையைத் தனித்தனியாகவே நடத்தின.

அதன் விளைவு சிறிய பத்திரிகைகளின் மேல் விழுந்தது. ராய்ட்டர்ஸ் ஆய்வு நிலையத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணிப்பில், வசதியான இருபது நாடுகளில்கூட இணையச் செய்திக்குக் காசு கொடுத்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் என்ற அளவிலேயே நின்றார்கள். அந்தப் பதினேழு பேரில் பலர் ஒரே ஒரு சந்தாதான் கட்டுவார்கள். ஒன்றே ஒன்று என்றால் மனம் பெரிய பெயரை நோக்கித்தான் போகும். சொந்த ஊரின் நகராட்சியைக் கவனிக்கிற நாளிதழ் அந்தப் போட்டியில் நிற்காது. அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு செய்தித்தாள்கள் மூடிவிட்டன. பெரும்பாலானவை சிறு ஊர்களின் வார இதழ்கள். கட்டணச் சுவர் நியூயார்க்கைக் காப்பாற்றியது. டென்வரின் ராக்கிக்குக் காலம் தாழ்ந்து வந்தது. சிற்றூர்களுக்கு வந்து சேரவேயில்லை.

மறைந்தது எது என்பதை இப்போது சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். காசில்லாத செய்தி சாகவில்லை. அது முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது, யூட்யூபில் வருகிறது, யார் எழுதியது என்ற பெயரில்லாமல் வருகிறது. செத்தது, சரிபார்க்கப்பட்ட, பெயர் போட்டு எழுதப்பட்ட, செலவு செய்து சேகரிக்கப்பட்ட செய்தியைக் கட்ட வசதியில்லாதவரும் படிக்கலாம் என்ற நிலை. வசதியுள்ளவர் ஒன்றைப் படிக்கிறார், இல்லாதவர் இன்னொன்றைப் படிக்கிறார். இருவரும் ஒரே வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். தமிழில் இதன் கூர்மை இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் ஒரு சந்தா கட்டக்கூடியவருக்கும் தமிழில் மட்டும் படிக்கிறவருக்கும் நடுவில் ஏற்கெனவே இருந்த இடைவெளி, அந்தப் பதினைந்து வருடத்தில் ஓரளவு சுருங்கியது. மீண்டும் அகன்றுவிட்டது.

அச்சுத்தாளும் காசுக்குத்தானே விற்றது, அப்போது ஏன் இந்தப் பிளவு வரவில்லை? டீக்கடை இருந்ததால். 1942-இல் ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் வரலாறு பாதி டீக்கடையில் நடந்தது. கடைக்காரர் ஒரு பிரதி வாங்குவார். காலை ஐந்தரை முதல் பத்து மணிவரை அது தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சில் உலவும். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்வார். முடிதிருத்தும் கடையில் ஒரு பிரதி. திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் தெருத்தெருவாக வைத்த படிப்பகங்களில் நாலைந்து பிரதிகள். யாரோ ஒருவர் காசு கொடுத்தார். இருபது பேர் படித்தார்கள். பத்திரிகைக்காரர் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. எங்கள் வாசகர் எண்ணிக்கை விற்பனையைவிடப் பல மடங்கு என்று விளம்பரக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அச்சுத்தாளுக்கு விலையும் இருந்தது, அதைப் பகிர்ந்துகொள்ள இடமும் இருந்தது.

இணையச் சந்தாவுக்கு அந்தப் பெஞ்ச் இல்லை. அது ஒரு ஆளுக்கு, ஒரு கடவுச்சொல்லுக்கு விற்கப்படுகிறது. இதுவே என் முறையீடு. காசு கேட்டதற்காகப் பத்திரிகைகளை நான் குறை சொல்லவில்லை. காசு கொடுக்கும் ஒருவரைச் சுற்றிக் காசு கொடுக்காத இருபது பேர் உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். நாமும் கேட்கவில்லை.

சில செய்திகள் பூட்டக்கூடாதவை என்று பத்திரிகைகளுக்கே தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது நியூயார்க் டைம்ஸ் உட்படப் பல பத்திரிகைகள் அந்தச் செய்திகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி வெள்ளத்தில், ஊருக்கு வெளியே இருந்த அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாமல் தி இந்துவின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அதுதான் முதல் முறை. அன்று சென்னைக்கு அந்த நாளிதழ் இருந்தது இணையத்தில் மட்டும். எந்த ஏரி உடைந்தது, எந்தப் பாலம் மூடியது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் என்பதையெல்லாம் சந்தா எண் கேட்காமல் அது சொன்னது. புயல், நோய், தேர்தல் முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு, தேர்வு அறிவிப்பு இவற்றை ஒவ்வொரு பத்திரிகையும் நிரந்தரமாகவே திறந்து வைக்கலாம். அதனால் சந்தா குறைந்துவிடாது என்பது என் துணிபு. ஒருவர் சந்தா கட்டுவது ஆய்ந்து எழுதியதைப் படிக்கத்தான். புயல் எங்கே கரை கடக்கிறது என்பதற்கு அல்ல.

மற்றவற்றுக்குப் பெஞ்சை யார் போடுவது என்றால், போடக்கூடியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். அமெரிக்காவில் பல ஊர்ப் பொதுநூலகங்கள் டைம்ஸுக்குச் சந்தா கட்டி, உறுப்பினர்களுக்கு ஒரு நாளோ மூன்று நாளோ செல்லும் அனுமதிக் குறியீட்டை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளக் கொடுக்கின்றன. முடிந்ததும் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அந்த ஏற்பாட்டின் அடித்தளம் 1948-லேயே போடப்பட்டுவிட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் சென்னை மாகாணம் இயற்றிய பொதுநூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் நடக்கின்றன. காலையில் அவற்றின் கதவு திறக்கும்போது முதலில் உள்ளே வருகிறவர்கள் நாளிதழ் படிக்க வருகிறவர்கள்தான். ஓய்வுபெற்றவர்கள், வேலை தேடுகிறவர்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள்.

ஆய்விதழ்களுக்கு இதே வேலையை மத்திய அரசு செய்துவிட்டது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்க வழி செய்திருக்கிறார்கள். நாளிதழ்களுக்கு அதில் ஒரு சிறு பங்கு செலவுகூட ஆகாது. தமிழ்நாட்டின் நூலகத் துறை இங்குள்ள தமிழ், ஆங்கில நாளிதழ்களோடும் இதழ்களோடும், வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று பத்திரிகைகளோடும் மொத்தச் சந்தா பேசலாம். உறுப்பினர் அட்டையின் எண்ணைப் போட்டால் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு. எந்தப் பத்திரிகையை வாங்குவது என்பதை அமைச்சரோ அதிகாரியோ தீர்மானிக்கக்கூடாது. இல்லையென்றால் அரசு விளம்பரத்தின் கதையே இங்கும் நடக்கும். உறுப்பினர்கள் எதை அதிகம் படிக்கிறார்களோ அதற்கேற்பப் பணம் போக வேண்டும். நாகர்கோவிலைப் பற்றி மட்டும் எழுதுகிற ஒரு சிறு பத்திரிகையை நாகர்கோவில்காரர்கள் படித்தால் அதற்கும் பங்கு வர வேண்டும். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தொடங்கி, பிறகு மாவட்ட மைய நூலகங்களுக்குக் கொண்டுபோகலாம். இதற்குப் புதிதாக ஒரு வரி போட வேண்டியதில்லை. கட்டிக்கொண்டிருக்கிற நூலக வரியைக் கொண்டே தொடங்கலாம்.